பவித்ராவோடு பெங்களூரில் சாப்பிட்ட கடைகள்

அருண் கண்ணு,

ஹைதராபாத்திலிருந்து ஃபோன் செய்து, "பொண்ணு எப்படிம்மா?" என்று கேட்டாய். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றேன். மறுபடியும் கேட்டாய். "காப்பியும் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு உன் அப்பாவைக் கூப்பிட்டு, அம்மாவுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையா என்று அழாத குறையாகக் கேட்டாயாம். அவர் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் நீளமானது. ஃபோனில் சொன்னால் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி உன் ஃபோனுக்கே அனுப்புகிறேன். இதை உன் ரூமில் இருக்கிற பையன்கள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. படிக்கட்டும், அவர்களுக்கும் உதவும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பவித்ராவைப் பிடித்திருக்கிறது, ரொம்பவே பிடித்திருக்கிறது. ஆனால் கல்யாணம் நடக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவளுக்கு உன்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. அது உன்னால்தான் தீர வேண்டும், நான் நடுவில் நின்று தீர்க்க முடியாது. அந்த வருத்தம் என்ன என்பது ஒரு கடையில் பாதி, இன்னொரு கடையில் மீதி என்றுதான் வெளியே வந்தது. அதனால் நாங்கள் சாப்பிட்ட வரிசையிலேயே சொல்கிறேன். பசி எடுத்தால் நான் பொறுப்பில்லை.

பெங்களூருக்கு நான் புதிது கிடையாது. வாழையிலை வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து சிட்டி மார்க்கெட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் வந்தால் வேலையை முடித்து, பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஒரு டீ குடித்து, கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிடுவேன். சாப்பிடுவதற்கென்றே இந்த ஊருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. "சும்மா ரெண்டு நாள் வாம்மா, ஊரைச் சுத்து, நல்லா சாப்பிடு" என்று நீ கூப்பிட்டபோதே பெண் பார்க்கத்தான் என்று தெரியும். தை பிறந்ததும் கூப்பிட்டாயே, அதுவே சொல்லிவிட்டது. கடைசி நேரத்தில் உன்னை ஹைதராபாத் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். "நீ வா, பவித்ரா பாத்துக்குவா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க வீட்ல உனக்கு அவளே சமைச்சுப் போடறா. சூப்பரா சமைப்பாம்மா" என்றாய். உண்மையைச் சொல்லட்டுமா? அதைக் கேட்டதும் போய் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நன்றாகச் சமைக்கிற மருமகள் வந்து என் அடுப்பங்கரையைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? அங்கே டீத்தூள் டப்பாவும், உன் அப்பா சோறு வடிக்கிற குண்டானும், போன வருஷத்து மசாலாப் பொட்டலமும்தானே இருக்கிறது!

பஸ் ஓசூர் தாண்டி ஹெப்பகோடி வரும்போது, நீ தங்கியிருக்கிற பிஜி பக்கமாக எட்டிப் பார்த்துக்கொண்டேன். மடிவாளாவில் இறங்கினால், கையில் இரண்டு ஹெல்மெட்டோடு அவள் நிற்கிறாள். உன் ஆபீசில் உன் பக்கத்து டீம் என்றும், அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள் என்றும், அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், அம்மா கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறார் என்றும் நீ சொல்லியிருந்தாய். இவ்வளவு சின்னப் பெண், இவ்வளவு பெரிய ஸ்கூட்டர் ஓட்டுவாள் என்று சொல்லவில்லை. "ஆன்ட்டி, பயமா இருந்தா ஆட்டோ புடிக்கலாம்" என்றாள். "உன்ன விட கனமான இலைக்கட்ட பின்னாடி வச்சு கட்டி டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டினவ நான். எடு வண்டிய" என்றேன். ஹெல்மெட்டைப் போட்டதும் கொண்டை இடித்தது. அவிழ்த்துப் பின்னலாக விட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நான் எழுதுவதை எட்டிப் படித்துவிட்டு உன் அப்பா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

முதலில் பசவனகுடிப் பக்கம், நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். காசு கொடுத்து டோக்கன் வாங்கி, அதை உள்ளே நீட்டி, தட்டை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்பு உயரத்துக்கு வட்டமான கல் மேசைகள். வாக்கிங் முடித்த ரிட்டயர்டு ஆபீசர்கள், பூக்கூடைக்காரர்கள், யூனிஃபார்மில் பிள்ளைகள், எல்லோரும் ஒரே மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று சாப்பிடுகிறார்கள். ஒரே தட்டில் ஒரு பக்கம் காரமான ரவை உப்புமா, மறு பக்கம் கேசரி. காரா பாத், கேசரி பாத் என்கிறார்கள். நெய் தட்டோரமாக வழிந்தது. அவள் ஒரு தட்டு வாங்கி இரண்டு ஸ்பூன் போட்டாள். சரி, பழகுகிறாள் என்று நினைத்தேன். அடுத்துக் காப்பிக்குப் போனாள். "ஒந்து காஃபி, பை டூ" என்றாள். அந்த ஆள் ஒரு காப்பியை இரண்டு குட்டித் தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தள்ளினார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பித் தம்ளர் கொஞ்சம் குறைந்திருந்தாலே, திரும்பி வருகிற வழியெல்லாம் அதைத்தான் பேசுவார்கள். இங்கே வருங்கால மாமியாருக்குப் பாதித் தம்ளர்! நான் சும்மா இருப்பேனா? நேராகப் போய் டோக்கன் போட்டு, எனக்கென்று ஒரு முழுக் காப்பி வாங்கி, அவள் முன்னால் வந்து நின்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. அடுத்த கடையில் வெண்ணெய் தோசை. அதற்கும் "பை டூ" என்று ஆரம்பித்தாள். நான் உடனே, "எனக்குத் தனி" என்றேன். உள்ளங்கை தடிமனில் மொறுமொறுவென்று வந்தது, மேலே ஒரு உருண்டை வெண்ணெய். வீம்புக்கு முழுதையும் தின்றேன். எழுந்து நிற்க முடியவில்லை. பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். "என்ன சொல்றாங்க?" என்றேன். "எழுந்திருக்க கை குடுக்கட்டுமான்னு கேக்கறாங்க ஆன்ட்டி" என்றாள்.

அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் நெறைய கடை இருக்கு. எல்லாத்துக்கும் வயித்துல எடம் வேணும்ல, அதான் பை டூ சொன்னேன்."

"அதுக்காக, வந்தவங்களுக்கு அரைக் காப்பியா கொடுப்பாங்க?"

"வந்தவங்களுக்கு முழு காப்பிதான் ஆன்ட்டி. பை டூ நம்ப ஆளோட மட்டும்தான். ஆபீஸ்ல மேனேஜர் வந்தா அவருக்குத் தனியா ஒண்ணு. நானும் என் ஃப்ரெண்டும்னா பை டூ. எங்கப்பாவும் அம்மாவும் இத்தன வருஷத்துல வெளிய போய் தனித்தனியா காப்பி குடிச்சதே இல்ல."

அவள் என்னை உறவுக்காரியாக நினைத்துப் பாதி கொடுத்திருக்கிறாள். நான்தான் வெளியாளுக்கு உரிய முழுத் தம்ளரைச் சண்டை போடாத குறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்! எத்தனையோ சரக்கைப் பார்த்தவுடன் தரம் சொன்னவள், ஒரு தம்ளரைப் பார்த்துத் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். அவளிடமும் அப்படியே சொன்னேன். அவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு பக்கத்துப் பார்க்கில் வயிறு இறங்கும் வரை நடந்தோம். அவள் சிறு வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே உன்னைப் பற்றிச் சொல்லும்போது "அருண் சொன்னான்" என்று வந்துவிடும். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "சொன்னாரு" என்பாள். "எனக்காக அவனுக்கு மரியாதை குடுக்காதம்மா. எப்படி வாய்ல வருதோ அப்படியே சொல்லு" என்றேன்.

மத்தியானம் நீ டேபிள் புக் செய்து வைத்திருந்த இடத்துக்குப் போனோம். மால், மூன்றாவது மாடி, ஏசி. "அம்மாவை ரோட்டுக் கடைக்கெல்லாம் கூட்டிட்டுப் போகாத, அவங்க ரொம்ப சுத்தம் பாப்பாங்க" என்று சொல்லி அனுப்பினாயாமே? என் தொழில் என்ன என்று உனக்கு மறந்துவிட்டதா கண்ணு? ஊரில் இருக்கிற ஓட்டல்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் இலையும் பாக்குமட்டைத் தட்டும் போடுகிறவள் நான். ஒரு கடை நல்ல கடையா என்று பார்க்க நான் பெயர்ப்பலகையைப் பார்க்க மாட்டேன். எச்சில் கூடையைப் பார்ப்பேன். என்ன மிஞ்சிக் கிடக்கிறது, எவ்வளவு மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். அங்கே மிஞ்சுவதற்கே வழியில்லை, சாப்பிட ஆளே இல்லை. கனமான பீங்கான் தட்டுகள் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன. நான்கைந்து பையன்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்கள். நான் உள்ளே போகாமல் வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம் போனேன்.

"அண்ணா, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?"

"நானாம்மா? இங்கயான்னு கேக்கறீங்களா? நல்லா கேட்டீங்க போங்க!" என்று சிரித்தார். "பின்னாடி தெருவுல ஒரு மிலிட்டரி ஓட்டல் இருக்கு. கறிக்கொழம்பு நல்லா இருக்கும். ஆனா களி சாப்பிடுவீங்களா நீங்கள்லாம்?"

"எந்த ஊரு நீங்க?"

"பென்னாகரம்."

"நாங்க கிருஷ்ணகிரி. எங்களப் பாத்து களி சாப்பிடுவீங்களான்னு கேக்கறீங்களே, இது நியாயமாண்ணா?"

அவர் வேலையை விட்டுவிட்டு லிஃப்ட் வரை வந்து வழி சொன்னார். பவித்ராவுக்கு மட்டும் பதற்றம். "ஆன்ட்டி, அருண் திட்டுவான்." இந்தத் தடவை திருத்திக்கொள்ளவில்லை. "திட்டட்டும். அவ்வளவு ஆசையா இருந்தா அவனே வந்து இங்க உக்காந்து சாப்பிடட்டும்" என்றேன். புதிய ஊரில் சாப்பிட இடம் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள். ஒரு பெரிய கடையின் வாசலில் நிற்கிறவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கே போ. அவருக்குத் தினமும் பசிக்கும், தினமும் ஏமாற முடியாது.

மிலிட்டரி ஓட்டலில் என் மனது குளிர்ந்துவிட்டது. தட்டின் மேல் இலை போட்டு, சுடச்சுட ராகிக் களி உருண்டை. முத்தெ என்கிறார்கள். பக்கத்தில் ஆட்டுக்கறிச் சாறு, கைமா உருண்டை, மிளகு போட்ட ஈரல். எதிரில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்ட பையன்கள், களியைச் சப்பாத்தி மாதிரி மென்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மெல்லக் கூடாது. கிள்ளி, சாறுல புரட்டி, முழுங்கணும்" என்று செய்து காட்டினேன். ஒருவன் முழுங்கிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சக்கத்தா போகுது, சூப்பர்!" என்றான். பரிமாறியவர் என்னைத் தன் கட்சி ஆள் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே இன்னும் சாறு ஊற்றினார். கை கழுவப் போகும்போது கூடையைப் பார்த்தேன். எலும்பு, எலும்பு, எலும்பு. ஒரு பிடி களி இல்லை, ஒரு துண்டு கறி இல்லை. இந்த ஊரில் உனக்குத் துக்கமோ சந்தோஷமோ எது வந்தாலும் அங்கே போய் உட்கார்.

ஆனால் திரும்பி வந்து பார்த்தால், பவித்ராவின் இலையில் களி பாதி கிடந்தது. காலையில் கேசரியும் பாதிதான். தோசையை ஓரம் ஓரமாகப் பிய்த்தாளே தவிர நடுவைத் தொடவில்லை. இவ்வளவு ஆசையாகக் கடை தேடிக் கூட்டி வருகிற பெண், சாப்பிட மட்டும் மாட்டேன் என்கிறாளே, ஏன்? என்னைப் பிடிக்கவில்லையோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

சாயங்காலம் வி.வி. புரம் தின்பண்டத் தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவை நீ பார்த்திருப்பாய், நான் அங்கே தொழில்காரியாகவும் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் பாக்குமட்டைத் தட்டு! ஒவ்வொரு கடையிலும் தட்டைத் திருப்பிப் பார்ப்பதும், விளிம்பைத் தடவிப் பார்ப்பதும், "இது ஈரத்துல அழுத்தினது, ஒழுகப்போகுது" என்பதுமாக நான் நடந்தேன். ஒரு கடைக்காரர், "ஏனம்மா, தட்டு சாப்பிடறீங்களா, தோசை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேவிட்டார். அவரிடம்தான் அவரைக்காய் தோசை வாங்கினோம். ஊறவைத்துத் தோல் பிதுக்கிய அவரைப் பருப்பு தோசை மேல் பச்சையாக மின்னியது. நம் பக்கத்துப் பிதுக்கம்பருப்புதான்! இங்கே அதற்கென்றே ஒரு சீசன், அதில் தோசை, உப்புமா, மிக்சர், ஜிலேபிகூட இருக்கிறது என்றாள். பிறகு வெண்ணெய் உருகுகிற போளி, கடைசியில் ரோஜா குல்கந்து போட்ட ஐஸ்கிரீம். நானே போய், "ஒந்து, பை டூ" என்றேன். ஐஸ்கிரீமுக்குப் பை டூ கிடையாதாம். தெருவே சிரித்தது. ஒரே கப்புக்கு இரண்டு குச்சி வாங்கிக்கொண்டு ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தோம்.

அவள் குச்சியை வைத்துக்கொண்டு ஐஸ்கிரீமைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "ஏம்மா, காலைலருந்து பாக்கறேன். ஒண்ணும் உன் வாய்க்குள்ள போகல. என்ன பயம் உனக்கு?" என்றேன்.

"நாளைக்கு மத்தியானம்" என்றாள். பிறகு கொட்டினாள். "எனக்குச் சமைக்க வராது ஆன்ட்டி. சுத்தமா வராது. ரெண்டு மாசமா வீடியோ பாத்துச் செய்யறேன். அப்பா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு, பட்டறைக்குப் போய் வெளிய பன் வாங்கித் தின்னுட்டு இருக்காரு, எனக்குத் தெரியும். அருண்கிட்ட சொன்னா, 'எப்படியாவது கத்துக்கோ, எங்கம்மா சமையல் அப்படி இருக்கும், அவங்க வெச்ச சாம்பார் வாசனை தெருமுனை வரைக்கும் வரும், மொத நாளே உன்ன எடை போட்டுருவாங்க'ன்னு சொல்றான். நான் உங்கள ஏமாத்த விரும்பல. இதனால உங்களுக்கு நான் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

எனக்கு வந்த சிரிப்பில் ஐஸ்கிரீம் என் புடவையில் விழுந்தது. அவளுக்கு முதலில் கோபம், பிறகு பயம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "அந்தச் சாம்பார் வாசனை தெருமுனைலருந்துதாம்மா வரும். தெருமுனைலதான் ஓட்டல். நான் இலை போடற ஓட்டல். அந்த மாஸ்டர் வெச்ச சாம்பார் அது. எனக்கு ரசம்கூட ஒழுங்கா வராது. நீ சூப்பரா சமைப்பன்னு எங்கிட்ட சொல்லி வச்சிருக்கான். நாளைக்கு உன் சாப்பாட்ட எப்படிப் பாராட்டறதுன்னு நான் பஸ்லருந்து யோசிச்சிட்டு வரேன்."

நான் நினைத்தேன், இதோடு முடிந்தது, இருவரும் சிரித்துவிட்டுப் போவோம் என்று. அவள் சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு வராதுங்கறது எனக்குப் பிரச்சனையே இல்ல ஆன்ட்டி. எங்க வீட்லயும் யாருக்கும் நேரம் கிடையாது. நானும் மெஸ் சாப்பாட்லதான் வளந்தேன். அருணும் அப்படித்தான்னா, அத ஏன் எங்கிட்ட மறைக்கணும்? அவனுக்கு எதுக்கு வெக்கம்? உங்க வீட்டப் பத்தியே வெக்கப்படறவன், நாளைக்கு எங்க வீட்டப் பத்தி யார்கிட்ட என்ன பொய் சொல்லுவான்?"

நினைவிருக்கிறதா அருண்? நீ ஸ்கூல் படிக்கும்போது, ஓட்டலிலிருந்து இலையில் கட்டி வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்து டிபன் பாக்ஸில் மாற்றித் தரச் சொல்லி உன் அப்பாவிடம் தினமும் கேட்பாய். பிள்ளைக்குச் சுத்தம் அதிகம் என்று நான் பெருமையாக இலை வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். அன்று அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ சுத்தத்துக்காக மாற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பையன்கள் இலையைப் பார்த்துவிடக் கூடாது என்று மாற்றச் சொன்னாய்.

இதற்காக நான் உன்னிடம் வருத்தப்படவும் இல்லை, உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. விடியும் முன்னால் லாரி வரும். ஈரம் காயும் முன்னால் இலையைப் பிரித்து, கிழிசலைத் தள்ளி, நுனி இலையைத் தனியாகக் கட்டி ஓட்டல் ஓட்டலாகப் போட வேண்டும். உன் அப்பா கடையில் நிற்பார், நான் வண்டியில் போவேன். அந்த நேரத்தில் அடுப்பு மூட்ட யாருக்கு முடியும்? ஆனால் நான் இலை போட்ட ஒவ்வொரு ஓட்டலிலும் ஒரு மாஸ்டருக்கு உன் நாக்கு தெரியும். உனக்குத் தேங்காய்ச் சட்னி கெட்டியாக வேண்டும், உருளைக்கிழங்கு கருக வேண்டும், ரசத்தில் தக்காளித் தோல் இருக்கக் கூடாது. நான் சொல்லாமலே அவர்கள் தனியாக எடுத்து வைப்பார்கள். உன்னை ஒரு தாய் சமைத்து வளர்க்கவில்லை, ஊரிலிருக்கிற நல்ல கைகள் எல்லாம் சேர்ந்து சமைத்து வளர்த்தன. நான் போய்ப் போய்ப் பொறுக்கி எடுத்த கைகள் அவை. ஒரு வேளைகூட நீ பட்டினி கிடந்ததில்லை. இதில் எந்த இடத்தில் வெட்கம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முந்தின நாளே பவித்ரா வீட்டில் சொல்லிவிட்டாளாம். ராத்திரி தங்கிய லாட்ஜிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அப்பா வாசலிலேயே கை கூப்பிக்கொண்டு நின்றார், சட்டைக் கையில் மசகு எண்ணெய்க் கறை. "மன்னிக்கணும்மா. எங்க வீட்ல சிலிண்டர் புக் பண்ணா ஏஜென்சிக்காரனே, 'ஓ, நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா'ன்னு கேக்கறான்" என்றார். அவள் அம்மா, "சும்மா இருங்க, வந்த ஒடனே மானத்த வாங்காதீங்க" என்று அவரைக் கிள்ளினார். "மானமா? எங்க வீட்டு சிலிண்டர் துருப்பிடிச்சிருக்குங்க" என்றேன். அதோடு எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பட்டறைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு மெஸ்ஸுக்கு நடந்தே போனோம். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா நடத்துகிறார். நீள பெஞ்சு, வாரத்தின் மற்ற நாளில் லேத்துக்காரர்களும் வெல்டர்களும் உட்காருவார்களாம். நன்றாக வாட்டிய கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கேட்டால் ஆம்லெட். பவித்ரா சின்னப் பிள்ளையாக ஸ்கூல் விட்டு நேராக இங்கே வந்து, அம்மா ஷிஃப்ட் முடிந்து வரும் வரை இந்தப் பெஞ்சிலேயே சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதுவாளாம். மெஸ்கார அம்மா அவளைப் பார்த்ததும், "ஏண்டி, மாமியார இங்கயா கூட்டிட்டு வருவ? வேற கடையே கெடைக்கலயா?" என்றார். "எங்க வீட்டுக்குத்தான கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் இவள். அன்றைக்கு அவள் இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், எனக்கு அதைப் பார்த்துத்தான் வயிறு நிறைந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் தெருமுனைப் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினேன். அவள் அப்பா அம்மா முன்னால், இந்தா வா என்று தலையில் வைக்கப் போனேன். பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள், தள்ளவில்லை, பிடித்துக்கொண்டாள். "அத்தை" என்றாள். அதுவரை ஆன்ட்டிதான். "அத்தை, உங்க வீட்டுக்கு வர எனக்கு ரொம்ப இஷ்டம். ஆனா அருண்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க எனக்காக அவன்கிட்ட பேச வேணாம். நானே கேக்கறேன். பதில் சரியா வந்தா, நீங்க குடுத்த பூவ நானே வெச்சுக்கறேன்." அவள் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இப்படி ஒரு ஆளைத்தான் நான் என் கடைக்கு இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்! பூவை அவள் கையிலேயே கொடுத்தேன். அதை ஈரத்துணியில் சுற்றி அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். அந்த ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் இல்லை, அதனால் பூவுக்கு நல்ல இடம்.

அவள் என்ன கேட்பாள் என்று உனக்கு இப்போது தெரியும். வியாபாரத்தில் நான் ஒன்றைப் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். கிழிசல் இலை இருந்தால், கட்டைப் பிரிக்கும் முன்னாலேயே கிழிசல் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வாங்குகிறவர் முகம் அப்போது சுளிக்கும். ஆனால் மறுநாள் வேறு கடைக்குப் போக மாட்டார். நீ கிழிசலே இல்லாத இரண்டு இலையைக் கிழிசல் என்று நினைத்து, மூடி மூடி விற்கப் பார்த்திருக்கிறாய். அவளிடமும் பொய், என்னிடமும் பொய். இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்து நடுங்கினதுதான் மிச்சம். அவளுக்குக் காரணம் ஒன்றும் ஜோடிக்காதே. "அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்" என்று என் தலையில் போடாதே. வெட்கமாக இருந்தது என்றால் வெட்கமாக இருந்தது என்று சொல். அதன் பிறகு என்ன ஆனாலும் நான் உன் பக்கம் இருக்கிறேன், அவள் பக்கமும் இருக்கிறேன். எப்படி என்று கேட்காதே.

நாளைக்கு நீ ஹைதராபாத்திலிருந்து வந்து இறங்குவாய். பிஜிக்குப் போய்ப் பையை வைத்துவிட்டுக் குளி. ஹெப்பகோடியிலிருந்து ஆபீஸ் கேபுக்குக் காத்திராமல் பஸ் பிடித்து அடுகோடிக்குப் போ. லேத் சத்தம் கேட்கிற சந்தில் திரும்பினால் தகரக் கூரை தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் லீவு போட்டு அங்கே இருப்பாள், வெல்டர்களும் இருப்பார்கள், மெஸ்கார அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகப் பதில் சொல். மல்லிகை ரொம்ப நாள் தாங்காது கண்ணு. வழியில் எதையும் வாங்கித் தின்றுவிடாதே. பசியோடு போ.

உன் அம்மா